ஆங்கிலம் – உஸ்பெக் நேரலை மொழிபெயர்ப்பில் இலக்கண வேறுபாடு அவ்வளவு பெரிய தொல்லையா?

ஆமாம். தாஷ்கண்டில் வேலை பார்த்தபோது கூட்டங்களில் இன்டர்பிரெட்டர்களை, அதாவது ஒருவர் பேசப் பேசக் கூடவே வாயால் மொழிபெயர்ப்பவர்களைக் கவனித்ததையும் நான் அரைகுறையாகக் கற்ற உஸ்பெக்கையும் வைத்துச் சொல்கிறேன்.

உஸ்பெக் துருக்கியக் குடும்பத்து மொழி. ஆனாலும் வாக்கியம் நம் தமிழ் மாதிரிதான் போகும், வினை கடைசியில் வரும். எதிர்மறையும் அந்த வினைக்குள்தான் இருக்கும். 'இம்ஸொலாய்மிஸ்' என்றால் கையெழுத்திடுவோம். 'இம்ஸொலமாய்மிஸ்' என்றால் கையெழுத்திட மாட்டோம். நடுவில் ஒரு 'ம'தான் வித்தியாசம்! பேச்சாளர் ஒப்பந்தம், நிபந்தனை, தேதி என்று நீட்டிக்கொண்டே போவார். ஆங்கிலத்திலோ எழுவாய் முடிந்த கையோடு 'வில்'லா 'வில் நாட்'டா என்று சொல்லியாக வேண்டும். காத்திருந்தால் முன்பாதி மறந்துபோகும், ஊகித்தால் ஒப்பந்தமே தலைகீழாகும். 1945இல் தொடங்கிய, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையில், கடைசியில் வரும் ஜெர்மன் வினைகளும் மொழிபெயர்ப்பாளர்களை இதே பாட்டைத்தான் படுத்தின. இப்படி மூளையைப் பிழிவதால்தான் சுமார் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள்.

எதிர்த்திசையில் வேறு சிக்கல். ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு 'ஹூ', 'விச்' என்று விவரத்தைப் பின்னால் கோத்துக்கொண்டே போகலாம். உஸ்பெக்கில், நம் பெயரெச்சம் போல, விவரம் முன்னால் வர வேண்டும். கைதேர்ந்தவர்கள் நீள வாக்கியத்தை நறுக்கிச் சின்னச் சின்னதாகச் சொல்லிவிடுவார்கள். கேட்க அழகாக இருக்காது, ஆனால் அர்த்தம் தப்பிக்கும்.

அப்புறம் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் உஸ்பெக்கில் 'உ' ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' எது என்று தெரியாதபோது 'அமைச்சர்', 'இயக்குநர்' என்று பதவியையே திரும்பச் சொல்லிச் சமாளிக்கலாம்.

எனக்குப் பிடித்தது நம் 'வந்தாராம்' மாதிரியான வடிவம். 'கெல்தி' என்றால் வந்தார். 'கெலிப்தி' என்றால் வந்தாராம், அல்லது வந்திருக்கிறார் போல. ஆங்கில வினையில் இதற்கு விகுதி கிடையாது, தனியாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். வரவேற்புரையில் விட்டுப்போனால் குடிமுழுகாது. சாட்சியத்தில் விட்டால், கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாகிவிடும்.

கூட்டம் நடத்துபவர் நீங்கள் என்றால், உரையின் பிரதியை முதல் நாளே இன்டர்பிரெட்டரிடம் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசும் கூட்டமாக இருந்தால், பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேச, அதன்பின் மொழிபெயர்க்கும் முறையே பாதுகாப்பு.