ஆற்றங்கரை மருது எங்கே தண்ணீர் குடிக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர்ப் படித்துறையில் பெரிய மருதமரங்கள் உண்டு. கோடையில் ஆறு ஒரு ஓரமாகச் சுருங்கிவிட்டாலும் அவை தளிர் விட்டு நிற்கின்றன. ஆற்றுக்கு இன்னும் கிட்டத்தில் நாங்கள் வைத்த கன்றுகளோ கருகிவிட்டன. ஏன் இப்படி?
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: ஆற்றில் நிற்கிற மரம் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும் என்று நாம் எல்லாருமே நினைக்கிறோம். 1991-ல் டாசன், எலரிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் அதை மறுத்து எழுதினார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலம், வறண்ட பிரதேசம். அங்கே ஒரு மலை ஓடைக் கரையில் நின்ற மேப்பிள் இன மரங்களைச் சோதித்தார்கள்.

சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனில் துளிப் பங்கு கனமான ரகம், டியூட்டீரியம் என்று பெயர். ஓடை நீர், மழை நீர், ஆழத்து நீர் இவற்றில் அந்தப் பங்கு கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், வேர் உறிஞ்சும்போது அது மாறுவதில்லை. ஆகவே ஒரு குச்சியை வெட்டி உள்ளே இருக்கும் நீரைப் பிரித்து அளந்தால் மரம் எங்கே குடித்தது என்று சொல்லிவிடலாம். இலையிலிருந்து எடுத்தால் சரிவராது, வெயிலில் லேசான நீர் முந்தி ஆவியாகி, மிஞ்சுவது கனத்துப்போகும். பட்டை முற்றிய குச்சிதான் வேண்டும்.

ஓடையை ஒட்டியே நின்ற பெரிய மரங்கள் ஓடைத் தண்ணீரைக் கிட்டத்தட்ட தொடவே இல்லை, ஆழத்து நீரைத்தான் எடுத்திருக்கின்றன. கரையோரச் சின்ன மரங்கள்தான் ஓடையை நம்பி இருந்தன, தள்ளி நின்ற சின்ன மரங்கள் மழை ஈரத்தை. ஓடை ஏறும் இறங்கும், ஆழத்து நீர் அப்படிச் சட்டென்று மாறாது. வேர் அங்கே எட்டிவிட்டால் மரத்துக்கு அதுதான் தோது.

மருது வேறு மரம், அந்தக் கணக்கை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனாலும் உங்கள் கன்றுகளின் சங்கதி இதோடு பொருந்தித்தான் வருகிறது. கன்றுக்கு மேல்மண் ஈரம் மட்டும்தான் கதி, ஆறு நாலடி விலகினாலே மணல் காய்ந்துவிடும். அடுத்த தடவை வைத்தால் தினம் ஒரு செம்பு ஊற்றாமல், சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக இறங்குகிற மாதிரி நிறைய ஊற்றுங்கள், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

பெரிய மரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆற்றுமணலை அள்ள அள்ள ஆற்றின் படுகை தாழும், கூடவே கரைக்குக் கீழே இருக்கிற நீர்மட்டமும் இறங்கும், அப்புறம் ஐம்பது அறுபது வருஷம் இறக்கிய வேர் அந்தரத்தில் நிற்கும். தாமிரபரணியில் மணல் அள்ள 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது, அந்த வழக்கைத் தொடுத்தவர் தோழர் நல்லகண்ணு. மணலைக் காப்பது கரைமரத்தையும் காப்பதுதான்.

கேள்வி: சீமைக்கருவேலம் மட்டும் எந்த வறட்சியிலும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?
- வாசகி, நாங்குநேரி

பதில்: வேர்தான். அமெரிக்காவில் டூசான் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில், அதே இனத்து மரத்தின் வேர் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. நம் ஊர்க் கிணறுகள் பலவும் அவ்வளவு ஆழம் கிடையாது.