குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரலாமா?

கூடாது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரிலிருந்து, பவானி ஆற்றங்கரையில் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் இழக்கும் நிலை ஆற்றல், சுமார் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு எடுத்துக்கொண்டாலும், மெதுவாக இறங்குபவருக்குப் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. ரிம்மைப் பற்றும் பிரேக்காக இருந்தால் அந்தச் சூடு டியூபுக்கும் பரவி, காற்றழுத்தம் கூடி, டயர் வெடிக்கவும்கூடும். வழியிலுள்ள பர்லியாறில் நிறுத்தி ரிம்முக்கு அருகே விரலைக் கொண்டுபோனால், தொடாமலேயே சூடு தெரியும். ஆகவே கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போது, இரு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் நுழைந்ததும் தளர்த்திவிடுங்கள்.