நகம் புதையவில்லை, சதைதான் ஏறியிருக்கிறது

கேள்வி: என் மகள் பிறந்து 25 நாள் ஆகிறது. கால் கட்டைவிரல் நகம் நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் சதைக்குள் புதைந்த மாதிரி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து இல்லை என்கிறார்கள் வீட்டில். அந்த ஓரத்தை நெம்பி வெளியே எடுத்துவிட வேண்டுமா? கைநகம் வேறு பிளேடு போல இருக்கிறது, கன்னமெல்லாம் கீறல். கடித்து எடுக்கலாமா?

பதில்: நெம்ப வேண்டாம். ஊசி, நகவெட்டி முனை என்று எதையும் அந்த இடுக்கில் விடாதீர்கள். இப்போது அங்கே புண் இல்லை, நெம்பினால்தான் வரும்.

நம் நகம் ஓடு மாதிரி கெட்டியானது. பிறந்த குழந்தையின் நகம் மெல்லிய தாள் மாதிரி, தொட்டால் வளையும். விரல்நுனிச் சதையோ நன்றாக உப்பியிருக்கும். அதைத் தள்ளி நிற்க நகத்துக்குத் தெம்பு இல்லாததால், சதை ஓரங்களில் மேலேறி மூடிக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால், பால் குடித்துவிட்டு அசந்து தூங்கும்போது அந்த ஓரத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். நிஜமாகவே நகம் சதையில் குத்தியிருந்தால் காலை வெடுக்கென்று இழுத்து அழுவாள். சுற்றிலும் சிவந்தும் இருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நகம் தடிக்கத் தடிக்கச் சரியாகிவிடும்.

குழிவும் இதே மென்மையால் வருவதுதான். குளிப்பாட்டித் துடைக்கும்போது கவனியுங்கள், அந்தக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழியாமல் நிற்கும். பெரியவர்களுக்கு நகம் இப்படிக் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவா என்று பார்ப்போம். அதைக் கேள்விப்பட்டுத்தான் வீட்டில் ஏதோ ஒரு சத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்கள் போல. பச்சைக்குழந்தையின் கால்நகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சில வருடங்களில் தானே நிமிர்ந்துவிடும்.

கருவில் கைநகம் விரல்நுனியைத் தொட ஏறக்குறைய 32 வாரம் ஆகும். கால்நகத்துக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும். அதனால்தான் குறைமாதக் குழந்தைக்கு நகம் நுனிவரை வந்திருக்காது, நாள் தள்ளிப் பிறந்த குழந்தைக்கு நீண்டு வளர்ந்திருக்கும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும்! பிறந்த புதிதிலும், குளிரும்போதும் கைகால் நகங்கள் சற்று நீலம் பூத்துத் தெரியலாம். போர்த்திக் கதகதப்பாக வைத்தால் மாறும். உதடும் நாக்கும் நீலமானால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாநிற, கறுப்பு நிறக் குழந்தைகளுக்கு நகத்தின் அடியைச் சுற்றித் தோல் கறுத்திருக்கும். அழுக்கு என்று தேய்க்காதீர்கள், நாளாக ஆக மங்கிவிடும். இன்னும் கொஞ்ச நாளில் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக்கோடு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். பிறந்த சமயத்தில் நகத்தின் வளர்ச்சி சற்றுத் தடைப்பட்டதன் அடையாளம் அது. நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து போய்விடும்.

சரி, கைநகம். அதை வெட்டத்தான் வேண்டும், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பல்லால் கடிப்பது பழைய வழக்கம்தான், ஆனால் நம் வாயில் இருக்கும் கிருமி அந்தப் பிஞ்சு விரலுக்குப் போகும், வேண்டாம். தூங்கும்போது, நல்ல வெளிச்சத்தில், முனை மழுங்கிய குழந்தைக் கத்தரியால் வெட்டுங்கள். விரல்நுனித் தோல் நகத்தோடு ஒட்டியே இருக்கும், அதனால் முதலில் சதையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கும் முதல் தடவை கை நடுங்கத்தான் செய்தது. கத்தரியே பயமாக இருந்தால் மென்மையான அரம் போதும். வெட்டுப்பட்டு ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்துங்கள். பிளாஸ்திரி மட்டும் ஒட்டாதீர்கள், விரலைச் சூப்பும்போது கழன்று தொண்டையில் சிக்கலாம்.

கால்நகம் மெதுவாகத்தான் வளரும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஓரங்களை வளைத்து உள்ளே வெட்டாமல் நேராக வெட்டுங்கள்.

நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலோ சீழ் கட்டினாலோ அது நகச்சுற்று. கைவைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே, அந்த நேரமே போக வேண்டும். பிறக்கும்போதே ஏதாவது விரலில் நகமே இல்லையென்றாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அப்புறம், கையுறை. எப்போதாவது போடலாம், ஆனால் போடுமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரிந்த நூல் ஒன்று விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். கன்னத்துக் கீறல் இரண்டொரு நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும்.