‘கலோனியல் டே’க்கு மகளை அனுப்பலாமா?

மாசசூசெட்ஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். மூன்றாம் வகுப்பு மகளின் பள்ளியிலிருந்து ‘கலோனியல் டே’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது: நீளப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, உதவிக்கு வரும் பெற்றோர் பெயர் கொடுக்கவும். காலனி காலத்தைப் போய்க் கொண்டாடுவதா, பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக அனுப்புங்கள் சகோதரி, நீங்களும் போங்கள். 12 வருடத்துக்கு முன் என் மகன் இதே கடிதத்தைக் கொண்டுவந்தபோது எனக்கும் நெருடியது. நமக்குக் காலனி என்றால் வெள்ளைக்காரன் நம்மை ஆண்ட காலம். இங்கே அந்தச் சொல், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் காலத்தைக் குறிக்கிறது. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பில் தொடங்கி, சுதந்திரம் அறிவித்த 1776 வரை. பிள்ளைகள் நடிப்பது விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, குளிரில் பிழைத்த குடும்பங்களை. அவர்கள் இறங்கிய மண் வேறொருவருடையது என்பதும் உண்மை, அதற்கு வருகிறேன்.

அன்று வகுப்பறையில் நான்கைந்து மேசை போட்டிருப்பார்கள். ஒன்றில் இறகுப் பேனா. இன்னொன்றில் மெழுகுவர்த்தி: திரியை உருகிய மெழுகில் முக்கி, ஆறவிட்டு, மறுபடி வரிசையில் வந்து முக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது மாட்டுக் கொழுப்பு.

எனக்குக் கிடைத்தது வெண்ணெய் மேசை. ஜாம் பாட்டிலில் பாதிக்கு க்ரீம் ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கக் கொடுப்போம். முதல் ஐந்து நிமிடம் ஒரே கும்மாளம். அப்புறம் க்ரீம் கெட்டியாகிச் சத்தமே வராது. கை வலிக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுவார்கள். விடாமல் குலுக்கினால் திடீரென்று உள்ளே ‘தொப்’பென்று ஒரு சத்தம். வெண்ணெய் உருண்டு ஒரு பக்கம், மோர் ஒரு பக்கம். கையை உதறிக்கொண்டே ஒரு சிறுமி, “இதையெல்லாம் எங்கள் வயதுப் பிள்ளைகளா செய்தார்கள்?” என்று கேட்டாள். பாடப் புத்தகம் படித்து அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஆனால் இப்படிக் கையால் செய்து பார்க்கக் கூடியது உழைப்பு மட்டும்தான். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். 1619இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். இதையெல்லாம் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். எந்தப் பிள்ளையையும் அடிமையாக நிற்கவைத்து நடிக்கவிடக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

நானும் கேட்டிருக்கிறேன். மகனின் வகுப்பில் பாதிப் பேருக்குக் காகிதப் பட்டையில் கோழி இறகு செருகி ‘இந்தியர்’ ஆக்கினார்கள், இங்கே பூர்வகுடிகளுக்கு அப்படி ஒரு பழைய பெயர். “நீதான் இந்தியன் ஆயிற்றே” என்று அவனுக்கும் ஒன்று. எனக்கு மனசே ஆறவில்லை. அந்தப் பூர்வகுடிகள் வாம்பனோவாக் மக்கள். மேஃபிளவரில் வந்தவர்களின் பிளிமத் குடியிருப்பு எழுந்த இடமே அவர்களுடைய பட்டுக்ஸெட் என்ற ஊர். கப்பல் வருவதற்குச் சில வருடம் முன்பு, ஐரோப்பியர் வழியாக வந்த நோயில் ஊரே அழிந்திருந்தது. வந்தவர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுத்தந்த டிஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். வாம்பனோவாக் மக்கள் இன்றும் இதே மாநிலத்தில், கேப் காட் பக்கம் மாஷ்பி என்ற ஊரில் வாழ்கிறார்கள். கண்முன் வாழும் மக்களை எப்படி வேஷமாகப் போடுவது? ஆசிரியருக்கு எழுதினேன். அடுத்த வருடம் இறகு இல்லை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் நடும் அவர்களுடைய முறையை ஒரு மேசையில் வைத்தார்கள்.

முடிந்தால் பிளிமத் பட்டுக்ஸெட் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். குடியேறிகளின் கிராமத்தில் வேடம் போட்டவர்கள் அந்தக் காலத்து ஆட்களாகவே பேசுவார்கள். பட்டுக்ஸெட் பகுதியில் இருக்கும் பூர்வகுடியினர் யாராகவும் நடிப்பதில்லை, இன்றைய மனிதர்களாகவே பதில் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தை மகளே கவனிக்கட்டும்.

உடைக்குச் செலவு செய்யாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பாவாடையில் ஜரிகை இல்லாதது போதும். கறுப்புதான் வேண்டும் என்றில்லை. அந்தக் குடியேறிகள் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் உடுத்தியவர்கள். தொப்பிக்குப் பழைய வெள்ளைத் தலையணை உறையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் நாடா கோத்துச் சுருக்கினால் ஆயிற்று. வெண்ணெய் மேசைக்குப் பெயர் கொடுத்தால், க்ரீமை அரை மணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் பிள்ளைகள் குலுக்கிக் குலுக்கி ஓய்ந்துவிடுவார்கள்.