அந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம்?

கேள்வி: கோவையிலிருந்து மாற்றலாகி, நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஜூனில் சேர்ந்தேன். பணியர் பழங்குடிப் பிள்ளைகள் ஒன்பது பேர். வீட்டுக்கே போய், “நாளைக்கு அனுப்புங்க” என்றால் “சரி” என்று தலையாட்டுகிறார்கள். மறுநாள் பிள்ளை வருவதில்லை. என்னை ஏமாற்றுகிறார்களா? கொஞ்சம் அதட்டிப் பார்க்கலாமா?

பதில்: அதட்டினால் இன்னும் சத்தமாகச் ‘சரி’ வரும், அவ்வளவுதான் டீச்சர். உங்களுக்குக் கிடைத்தது சம்மதம் அல்ல. ‘சொன்னது காதில் விழுந்தது, போய்ட்டு வாங்க’ என்பதுதான்.

பணியர் என்ற பேரிலேயே பணி இருக்கிறது. வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழா சமயத்தில் நிலக்காரர்கள் ‘நில்புப் பணம்’ கொடுத்து, குடும்பத்தோடு ஒரு வருஷத்துக்கு ஆள் பிடிப்பார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். உங்கள் மாணவனின் தாத்தாவுக்கு இது கேள்விப்பட்ட கதையாக இருக்காது. நோட்டும் பேனாவுமாக முற்றத்தில் நிற்கிற ஆளிடம் ‘முடியாது’ என்று சொல்லி நல்லது நடந்ததாக அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அதனால் ‘அனுப்புவீங்களா?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த வாரம் வேலை எங்கே? பிள்ளை யார்கூட இருக்கும்?’ என்று கேளுங்கள். காப்பி பறிக்கும் காலத்தில் வீடே பூட்டிக் கிடக்கும், அதைப் பதில் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம். பொழுது சாய்ந்த பிறகு போங்கள், உட்காருங்கள். அறுபது வயதுக்காரரையும் ‘வா, போ’ என்பது இங்கே பலருக்குப் பழக்கம், அது உங்களுக்கு ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது நடுவில் நின்று ‘பேசிக் கொடுக்க’ வருபவரைப் பார்த்துத்தான். வீட்டில் அவர்கள் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கமான பணிய மொழி. உங்கள் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் எட்டும். உடனே ஒருவர் வருவார், எல்லா மொழியும் தெரிந்தவர். பெரும்பாலும் வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவரும் அவரே, முன்பணம் கொடுத்தவரும் அவரே. ஒருமுறை ஒரு அம்மா ஐந்து நிமிஷம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் நின்றவர் என்னிடம் திரும்பி, “சரிங்கிறாங்க சார்” என்றார். சாதிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ரேஷன் கார்டைக் கேட்பவரும் இதே ரகம். அது கோட்டாட்சியர் தருகிற சான்று. மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள், கார்டு வீட்டைவிட்டுப் போகக் கூடாது. பேச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் அதே பாடியில் (அவர்கள் குடியிருப்பில்) எட்டாவது படித்த ஒரு பெண் போதும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். வராத பிள்ளை எல்லாம் ‘அவங்க பழக்கம்’ இல்லை. கை கால் மூட்டு வலி, சோர்வு, கண்ணில் மஞ்சள், அதுவும் குளிரிலும் மழையிலும் அதிகமாகிறது என்றால் அது சிக்கிள் செல் ரத்தசோகையாக இருக்கலாம். பரம்பரையாக வருவது, ஒட்டாது. இந்தியாவில் இதை முதலில் கண்டு எழுதியதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். நான் போன பயிற்சிகளில் ஆறு பழங்குடிகளையும் ஒரே படத்தில் நிறுத்தி, தோடர் போர்வையைக் காட்டி, டீ கொடுத்து அனுப்பினார்கள். இந்த நோயைப் பற்றி ஒரு வரி கிடையாது. கூடலூர் டீச்சருக்குப் போர்வையால் என்ன பயன்? வருகைப் பதிவில் ‘காரணமின்றி’ என்று ஒரு கட்டம் மட்டும் தவறாமல் இருக்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளையை அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பி.டி. பீரியடில் ஓடச் சொல்லாதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடிக்க விடுங்கள். ஐந்து நாள் காய்ச்சல் பார்த்துக்கொண்டு காத்திருக்கவும் கூடாது, காய்ச்சலோ நெஞ்சு வலியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே மட்டும் ‘சரி’க்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் நீங்களே ஜீப் ஏறிக் கூடப் போங்கள்.