பள்ளி விளையாட்டு நிதியில் பெண் பிள்ளைகளுக்குப் பங்கு கேட்க தென்னாப்பிரிக்காவில் சட்டம் உண்டா?

அரசு நிதி பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அமெரிக்காவின் டைட்டில் நைன் சட்டம் மாதிரி இங்கே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி விளையாட்டுக்கென்றே தனிச் சட்டம் இல்லை. அதற்காகக் கையை விரித்துவிட வேண்டியதும் இல்லை.

நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் கால்பந்து ஆடுகிறாள். முதல் மேட்சுக்கு அவளுக்குக் கிடைத்தது பையன்கள் போட்டுக் கழித்த ஜெர்சி, முழங்கால் வரை தொங்கியது. முதுகிலிருந்த 8 பாதி உரிந்து 3 ஆகியிருந்தது. நடுவரும் 3 என்றே எழுதிக்கொண்டார். அந்த அணியில் ஏற்கெனவே ஒரு 3 இருந்தாள்! வெளி ஆட்டங்களுக்குப் பையன்களுக்குப் பஸ். இவர்களுக்கு மினிபஸ் டாக்ஸி, காசு எங்கள் கையிலிருந்து.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிரியாணி விஷயத்தில்தான் பொறுமை போய்விட்டது. பள்ளிக்குப் பணம் சேர்க்கப் பிரியாணி போட்டு விற்பது டர்பனில் வழக்கம். விடியற்காலை நாலு மணிக்கு வெங்காயம் உரித்ததில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள். அந்தக் காசில் வந்தது பையன்களின் கிரிக்கெட் பயிற்சிக்கு வலை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்பு ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். "சண்டைக்குப் போகாதே கண்ணு, முதல்ல பட்ஜெட்டைப் பாரு" என்றார்.

1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவைத்தான் அவர் சொன்னார். அரசுப் பள்ளியின் வருடாந்தர பட்ஜெட்டை நிர்வாகக் குழு தயாரிக்கும். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் வைத்து, வந்து ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும். 14 நாள் முன்பிருந்து பட்ஜெட்டைப் பள்ளியிலேயே போய்ப் பார்க்கலாம். போய்ப் பார்த்தேன். 'விளையாட்டு' என்று ஒரே வரி, ஒரே தொகை. எந்த அணிக்கு எவ்வளவு என்று மூச்சே இல்லை.

கூட்டத்தில் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "பையன்கள் அணிகள்தானே அதிகம்" என்றார் ஒரு அப்பா. டாக்ஸிக்குக் காசு கேட்டால் பெண் பிள்ளைகள் எப்படி அதிகமாக வருவார்கள்? ஒருவழியாகப் பஸ் முறை வைத்துக் கிடைத்தது, ஜெர்சியும் வந்தது. பயிற்சியாளர் விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. 1972-இல் வந்த டைட்டில் நைனும் ரூபாய்க்கு ரூபாய் சமமாகச் செலவழிக்கச் சொல்வதில்லை. உபகரணம், பயணம், பயிற்சி நேரம், பயிற்சியாளர் இதிலெல்லாம் சம வாய்ப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே "பாதிப் பணம் கொடு" என்று ஆரம்பிக்காதீர்கள். பஸ், ஜெர்சி, மைதான நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அப்படியும் மசியாவிட்டால், பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. அதையொட்டி 2000-இல் வந்த சட்டத்தின்படி சமத்துவ நீதிமன்றங்கள் இருக்கின்றன. வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். நான் அதுவரை போகவில்லை. 2022-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பான்யானா பான்யானா, அதாவது நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணியே மறு வருஷம் உலகக் கோப்பைக்கு முன் பணத்துக்காக ஆட மறுத்து நிற்க வேண்டியிருந்தது, நம் பள்ளி எம்மாத்திரம்?

சரி, அந்த 30 நாள் அறிவிப்பு உங்கள் கைக்குத் தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுடையது மகளின் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு கிடந்தது.