நுண்துளைமை சமமாக இருந்தால் மணற்கல்லின் தரமும் சமமா?

ஷேல் என்ற களிமண் பாறையில் உருவாகும் எண்ணெயைத் தேடும் பகுதியில் எடுத்த மணற்கல் மாதிரிகளை நுண்துளைமையை, அதாவது கல்லின் கன அளவில் துளைகள் எத்தனை சதவீதம் என்ற எண்ணை, மட்டும் வைத்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகம் அனுப்பிய ஓர் அட்டவணையும், வேறொரு படுகைக்காக (படிவுப் பாறைகள் சேர்ந்த பள்ளப் பகுதிக்காக) எவரோ வகுத்த எல்லை மதிப்புகளும் உங்கள் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அங்கேதான் தொடங்கினேன். பிரிக்கக் கூடாது என்பதே என் பதில்.

ஷேல் எண்ணெயில் மணற்கல்லுக்கு என்ன வேலை என்று சிலர் குறுக்கிடலாம். அமெரிக்காவின் வில்லிஸ்டன் படுகையில், பேக்கன் பாறைத்தொகுதியின் மேல் அடுக்கும் கீழ் அடுக்குமான கரிய ஷேல்களில் எண்ணெய் உருவாகிறது. ஆனால் கிடைமட்டக் கிணறுகள் பெரிதும் செல்வது நடுவிலுள்ள, பொடிமணலும் மணலும் டோலமைட்டும் கலந்த அடுக்கின் வழியாகத்தான். சீனாவின் ஓர்டோஸ் படுகையில் சாங் 7 பிரிவிலும் ஷேலுக்கு நடுவே செருகிக் கிடக்கும் மணற்கற்கள் முக்கியமான இலக்கு. ஆகவே அந்த மணற்கல்லைத் தவறாகத் தரம் பிரித்தால், கிணற்றை எந்த அடுக்கில் செலுத்துவது என்ற முடிவே தவறிவிடும்.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். ஒரே கிணற்றிலிருந்து நான்கு மீட்டர் இடைவெளியில் எடுத்த இரண்டு கோர் மாதிரிகள் (துளையிட்டு எடுத்த உருளைக் கற்கள்); இரண்டிலும் நுண்துளைமை 10 சதவீதம். இரண்டையும் முதல் தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்த புவியியலாளர் ஒருவர் அறிக்கையைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு கோர்களின் உடைந்த முகத்திலும் ஒவ்வொரு துளி நீரை விட்டார். ஒன்றில் துளி மெல்ல உறிஞ்சப்பட்டது. மற்றதில் நெடுநேரம் அப்படியே முத்துப் போல நின்றது. பிறகு துளைகளில் நீலச் சாயமிட்ட பிசின் ஏற்றி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் காட்டினார். முதல் கல்லில் மணல் மணிகளைச் சுற்றிக் குளோரைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய உறையாகப் படிந்து, அவற்றின் மேல் புதிதாகக் குவார்ட்ஸ் வளர்வதைத் தடுத்திருந்ததால், மணிகளுக்கிடையே நீலம் தொடர்ச்சியாக ஓடியது. இரண்டாவதில் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் கரைந்து உண்டான பெரிய துளைகள் தனித்தனித் தீவுகளாக இருந்தன. அவற்றை இணைக்க வேண்டிய குறுகிய கழுத்துகளில் இல்லைட் என்ற களிமண் கனிமத்தின் இழைகள் அடைத்திருந்தன. நுண்துளைமை என்ற எண் இரண்டு வகைத் துளைகளையும் வேறுபாடின்றிக் கூட்டிவிடுகிறது. எண்ணெய் நகர்வதோ கழுத்தின் வழியாக.

ஊடுருவுதிறனையும், அதாவது கல்லின் வழியே திரவம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்ற அளவையும், சேர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். முதல் கல்லில் அது, அதற்கான அலகில், 0.2 மில்லிடார்சி. இரண்டாவதும் அடுப்பில் உலர்த்தி அளந்தபோது அதற்கு அருகில்தான் வந்தது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி உலர்த்தி மறுபடி அளந்தபோது 0.02 ஆக இறங்கியது. சூட்டில் நீர் வெளியேறும்போது இல்லைட் இழைகள் துளைச் சுவரோடு ஒட்டிப் படுத்துவிடுகின்றன. வழி திறந்துவிடுவதால் கல் தன் இயல்பை விட நல்ல கல்லாகத் தோன்றுகிறது. அறிக்கைகளில் உலர்த்திய முறையை எழுதாமல் எண்ணை மட்டும் அச்சிடும் வழக்கம் மீது எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. எத்தனையோ வகைப்பாடுகள் அந்த ஒரு வரி இல்லாததால்தான் பிழைபடுகின்றன.

1993இல் அமேஃபூலேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த தேக்கத் தரக் குறியீடு இங்கே உதவும்; எண்ணெயைத் தேக்கி வைக்கும் பாறையின் தரத்தை ஊடுருவுதிறனையும் நுண்துளைமையையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது அது. மில்லிடார்சியில் உள்ள ஊடுருவுதிறனைப் பின்னமாக எழுதிய நுண்துளைமையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.0314ஆல் பெருக்க வேண்டும். என் முதல் கல்லுக்கு 0.044 மைக்ரோமீட்டரும், இரண்டாவதற்கு, சரியாக உலர்த்திய பின், 0.014 மைக்ரோமீட்டரும் வந்தன. நுண்துளைமை ஒன்றாக இருந்தும் மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு. கல்லுக்குள் அழுத்தத்தில் பாதரசத்தைச் செலுத்தும் பாதரச ஊடுருவல் சோதனையில் கழுத்துகளின் அளவுப் பரவலையும் பார்த்து, மெல்லிய வெட்டோடு ஒப்பிட்ட பிறகே தர எல்லைகளை வகுப்பது என் வழக்கம். மாதிரிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் கணினி வழித் தொகுப்பு முறைகளை நான் எதிர்க்கவில்லை. அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். உள்ளே செல்லும் எண் எப்படி அளக்கப்பட்டது என்பதை அவை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாதிரி எடுத்த இடத்தையும் பாருங்கள். ஷேலை ஒட்டிய மணற்கல் விளிம்பில் கால்சைட் பலமுறை அடர்ந்து படிந்திருக்கும். நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டால் நுரைத்துக் காட்டிவிடும். எண்ணெய் உருவாகும் மூலப்பாறையான ஷேலுக்கு மிக அருகில் இருப்பதாலேயே அந்த விளிம்பை நல்ல கல் என்று எண்ணிவிடக் கூடாது. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்று, இரு விளிம்புகளிலிருந்தும் ஒவ்வொன்று என்று மாதிரி எடுத்திருக்கிறார்களா என்பதையும், எப்படி உலர்த்தினார்கள் என்பதையும் ஆய்வகத்திடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு அந்த அட்டவணையைத் திறங்கள்.